உங்கள் ஐசி எண் பகா எண்ணா?

6 ஜூலை 2025, ஞாயிறு இரவு

பெண்களின் ஐசி எண் (அடையாள அட்டை எண்) ஒருநாளும் பகா எண்ணாக, அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணாக, இருக்க முடியாது. ஆண்களுடையது இருக்கலாம். என்னுடையது பகா எண். மறுப்பவர்கள் வரலாம்.

விஷயம் இதுதான். மைகார்டில், அதாவது நம் மலேசிய அடையாள அட்டையில், 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: பினாங்குக்கு 07, கெடாவுக்கு 02, பேராவுக்கு 08. மிச்சம் நாலு. அந்த நாலில் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. நடுவில் இருக்கும் கோடுகளை எடுத்துவிட்டு மொத்தத்தையும் ஒரே எண்ணாகப் படியுங்கள். இரட்டைப்படை என்றால் 2-ஆல் வகுபடும். அதோடு ஆட்டம் முடிந்தது.

என் எண்ணை எக்செலில் போட்டு 2, 3, 5, 7, 11 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனேன். ஆயிரத்துக்குள் 168 பகா எண்கள் இருக்கின்றன. ஒன்றாலும் வகுபடவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் கிடைத்த பெருமை. எண்ணை இங்கே போட மாட்டேன், கேட்காதீர்கள்.

7 ஜூலை, திங்கள் காலை

ஜார்ஜ்டவுன் மரபுடைமை நாள், பினாங்கில் விடுமுறை. அதனால்தான் இத்தனை பேர் பசியாறுவதற்கு முன்பே என்னைத் திட்ட நேரம் கிடைத்திருக்கிறது.

ஈப்போவில் இருந்து பதில் எழுதின டீச்சர் சொல்வது சரி. ஆயிரத்தோடு நிறுத்தியது தப்பு. ஓர் எண் பகா எண்தானா என்று தெரிய அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்க்க வேண்டும். 12 இலக்க எண்ணுக்கு வர்க்கமூலம் ஒரு மில்லியனை நெருங்கும். ஒரு மில்லியனுக்குள் 78,498 பகா எண்கள். நான் பார்த்தது 168. முப்பது வருஷமாகக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். 78,498 வவுச்சரில் 168-ஐப் புரட்டிவிட்டு எல்லாம் சரி என்று ஒருத்தன் கையெழுத்துப் போட்டால் நான் சும்மா விடுவேனா?

7 ஜூலை, மதியம்

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஆயிரம் வரை தப்பித்த எண்ணுக்குக் கொஞ்சமாவது வாய்ப்பு கூடியிருக்க வேண்டுமே. கம்ப்யூட்டர் படிக்கிற அக்கா மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த 12 இலக்க எண் பகா எண்ணாக இருக்கும் வாய்ப்பு 27-இல் ஒன்று என்றான். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்று தெரிந்தால் வாய்ப்பு இரு மடங்கு, 14-இல் ஒன்று போல. ஆயிரம் வரை சலித்தும் ஒன்றும் சிக்கவில்லை என்றால் சுமார் 45 விழுக்காடு.

"மாமா, நீங்க பூவா தலையா போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தாகூட இதைவிட நல்லா இருந்திருக்கும்" என்றான். போனை வைத்துவிட்டேன்.

8 ஜூலை

91 பகா எண் இல்லை. 7 × 13. நேற்று ஒருவருக்குப் பதில் சொல்லும்போது அவசரத்தில் பகா எண் என்று எழுதிவிட்டேன். 91-ஐப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

9 ஜூலை

பிறை ஊரில் இருந்து எழுதின தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். 2000-இல் பிறந்தவர்களுக்கு எண் 00 என்று தொடங்குமே, அதை எப்படிப் படிப்பது?

எண்ணாகப் படித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. 2000 ஜனவரி முதல் தேதி பிறந்தவருக்கு 000101 போய் வெறும் 101 மிஞ்சும், பின்னால் ஆறு இலக்கம். மொத்தம் ஒன்பதே இலக்கம். எண் சிறியதாக இருந்தால் பகா எண்ணாகும் வாய்ப்பு கூடும். 27-இல் ஒன்று என்பது இவர்களுக்கு 18-இல் ஒன்று. சோதிப்பதும் சுலபம். வர்க்கமூலம் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டும். பத்தாயிரத்துக்குள் 1,229 பகா எண்கள்தான். ஒரு பேனா, ஒரு நோட்டு, நாலு நாள் மழை இருந்தால் கையாலேயே முடித்துவிடலாம். நம் தலைமுறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்தப் பூஜ்யத்தால் நான் பட்ட பாடு தனிக் கதை. ஒரு வருஷம் சம்பளக் கோப்பைத் தயார் பண்ணும்போது ஐசி பத்தியை எழுத்தாக வைக்காமல் எண்ணாக வைத்துவிட்டேன். எக்செல் முன்னால் இருந்த பூஜ்யங்களைத் தின்றுவிட்டது. பழைய ஆட்கள் எல்லாருக்கும் 12 இலக்கம் பத்திரமாக இருந்தது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் பதினொன்று, பத்து. கோப்பு திரும்பி வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. 2000-க்குப் பிறகு பிறந்தவர்கள் வேலைக்கு வரும் அளவு வளர்ந்துவிட்டார்கள் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது.

10 ஜூலை

பெரிய எண்ணைக் கையால் சோதிக்க வழி கேட்டவர்களுக்கு. சொந்த ஐசியை வைத்து விளக்க முடியாது, ஆபத்து. யாருடைய ஐசியாகவும் இருக்க முடியாத ஒரு 12 இலக்க எண்ணை எடுத்துக்கொள்கிறேன்:

761838257287

76-இல் பிறந்தவர், பதினெட்டாவது மாதம், முப்பத்தெட்டாம் தேதி. கடைசி இலக்கம் 7, ஆகவே ஆண். இந்த ஆளைப் பதிவிலாகா தேடினாலும் கிடைக்க மாட்டார்.

முதலில் 3. இலக்கங்களைக் கூட்டினால் 64. 64, 3-ஆல் வகுபடாது, எண்ணும் வகுபடாது. (லிட்டில் இந்தியாவில் எண் சோதிடம் பார்க்கிறவர் உங்கள் ஐசியைக் கூட்டி, மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கமாக்கிப் பலன் சொல்கிறாரே, அவர் செய்வதும் இதுதான். 9-ஆல் வகுத்த மீதியை எடுக்கிறார். காசு வாங்கிக்கொண்டு வகுத்தல் செய்கிறார்.)

அடுத்து 7, 11, 13. மூன்றையும் ஒரே அடியில் பார்க்கலாம். 7 × 11 × 13 = 1001. எண்ணை வலமிருந்து மூன்று மூன்றாக வெட்டுங்கள்: 761 | 838 | 257 | 287. வலக்கோடியில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்று கழித்துக் கூட்டுங்கள். 287 − 257 + 838 − 761 = 107. இந்த 107 ஏழாலும் வகுபடாது, பதினொன்றாலும் இல்லை, பதிமூன்றாலும் இல்லை. எனவே பெரிய எண்ணும் வகுபடாது. 12 இலக்கம் நாலு துண்டாகச் சரியாக வெட்டுப்படும் என்பதால் ஐசிக்கென்றே செய்த கணக்கு மாதிரி இருக்கிறது. உங்கள் கார்டை எடுத்துச் செய்து பாருங்கள். எண்ணை இங்கே எழுதாதீர்கள்.

17, 19, 23 என்று மேலே போக இப்படிக் குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து வகுக்க வேண்டியதுதான்.

10 ஜூலை, இரவு

இந்த எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. "யாருடைய எண்" என்று கேட்டீர்களே, அது ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் எண்.

1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியல் போட்டார். 2-ஐத் தன்னோடு தானே இத்தனை முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று. அந்தப் பட்டியலில் 67 இருந்தது. 2⁶⁷ − 1 எவ்வளவு?

147573952589676412927

21 இலக்கம். 1876-இல் லூக்காஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இது பகா எண் இல்லை என்று நிரூபித்தார். வேடிக்கை என்னவென்றால் எதனால் வகுபடும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. வகுபடும் என்பது உறுதி, எதனால் என்று தெரியாது. இப்படியே 27 வருஷம் போனது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் கோல் என்ற பேராசிரியர் எழுந்து போனார். கரும்பலகையில் 2⁶⁷ − 1 என்ன என்று கையால் கணக்குப் போட்டார். பக்கத்தில் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கினார். இரண்டும் ஒன்றாக வந்தன. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், கூட்டம் கைதட்டியது என்பது கதை. கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆயிற்று என்று பின்னால் கேட்டதற்கு, "மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம். கதை சொல்கிறவர்கள் உப்பு புளி கொஞ்சம் கூட்டியிருக்கலாம். பெருக்கல் மட்டும் யார் போட்டாலும் சரியாக வரும்.

11 ஜூலை

யார் போட்டாலும் சரியாக வரும் என்று நேற்று எழுதினேன். எக்செலில் போட்டேன். வந்தது இது: 147573952589676000000.

கோல் தப்பு, நூறு வருஷமாக எல்லாரையும் ஏமாற்றிவிட்டார் என்று அரைமணி நேரம் குதித்தேன். பிறகு கடைசி இலக்கத்தைப் பார்த்தேன். 1-இல் முடியும் எண்ணையும் 7-இல் முடியும் எண்ணையும் பெருக்கினால் 7-இல் முடிய வேண்டும். பூஜ்யம் எங்கிருந்து வந்தது? எக்செல் 15 இலக்கம் வரைதான் ஞாபகம் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் பூஜ்யம் போட்டு மெழுகிவிடும். முப்பது வருஷமாக இதே பெட்டியோடு குடித்தனம், இது தெரியாமல் போனது. நம் ஐசி 12 இலக்கம் என்பதால் தப்பித்தோம். கடன் அட்டை எண் 16, அதை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் போய்விடும். கடன் அட்டை எண்ணையும் இங்கே எழுதாதீர்கள்.

13 ஜூலை, ஞாயிறு

என் எண் பகா எண் இல்லை.

13 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

சரி, விவரமாக எழுதுகிறேன். அக்கா மகன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். மடிக்கணினியைத் திறந்து நாலு வரி தட்டினான். ஒரு நொடி ஆகியிருக்காது. "இல்ல மாமா" என்றான். எதனால் வகுபடுகிறது என்று கேட்டேன். "தெரியாது" என்றான். எனக்குக் கோபம். எதனால் என்று தெரியாமல் இல்லை என்று எப்படிச் சொல்வாய்?

சொன்னான். எண் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அதற்கு ஒன்று குறைவான தடவை பெருக்கி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வந்தே தீர வேண்டும். 7-ஐ எடுங்கள். 2⁶ = 64. 64-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. 13-க்கு 2¹² = 4096, மீதி 1. நாம் ஏமாந்த 91-ஐ எடுங்கள். 2⁹⁰-ஐ 91-ஆல் வகுத்தால் மீதி 64. ஒன்று வரவில்லை, ஆகவே 91 பகா எண் இல்லை. 7-ம் 13-ம் இதில் எங்கேயும் தலைகாட்டவே இல்லை, கவனித்தீர்களா. பெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட விதி இது, வயது முந்நூற்றைம்பதுக்கு மேல்.

12 இலக்கத் தடவை 2-ஐ எப்படிப் பெருக்குவது என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றாகப் பெருக்குவதில்லை. வர்க்கப்படுத்தி மீதி எடுத்து, மறுபடி வர்க்கப்படுத்தி மீதி எடுத்து, நாற்பது முறை போல போனால் முடிந்துவிடும்.

என் எண்ணுக்கு மீதி ஏதோ ஒரு நீளமான குப்பை. 1 இல்லை. லூக்காஸ் 27 வருஷம் எல்லாரையும் எந்த இடத்தில் நிறுத்தி வைத்தாரோ அதே இடத்தில் என் அக்கா மகன் என்னை நிறுத்திவிட்டு, மீன் கறி ஊற்றிச் சாப்பிட்டான். "காரணியை நானே கண்டுபிடிச்சுத் தரவா?" என்றான். வேண்டாம் என்றேன். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.

14 ஜூலை

ஈப்போ டீச்சர் மறுபடி பிடித்துவிட்டார். நேற்று இரவு ஒருவருக்குப் பதிலாக "மீதி 1 வந்தால் பகா எண்" என்று எழுதியிருந்தேன். அது தலைகீழ். மீதி 1 வராவிட்டால் நிச்சயம் இல்லை. வந்தால் நிச்சயம் ஆமாம் என்று சொல்ல முடியாது. அவர் கொடுத்த உதாரணம் 341. 2-ஐ வைத்துப் பார்த்தால் மீதி 1, ஆனால் 341 = 11 × 31. 3-ஐ வைத்துப் பார்த்தால் மீதி 56 வந்து குட்டு உடைந்துவிடும்.

அதைவிடக் கெட்டிக்காரக் கள்ளர்கள் உண்டாம். தங்களோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் மீதி 1 காட்டிப் பகா எண் போல நடிக்கும். 561 முதலாவது, 1105 இரண்டாவது. மூன்றாவது எது தெரியுமா? 1729. நம் ராமானுஜனின் டாக்சி எண்ணேதான். 7 × 13 × 19. இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு வழியில் எழுதலாம் என்ற பெருமையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கேட்டு வருகிறோம். இப்படி ஒரு திருட்டு முழியும் அதற்கு இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

டீச்சர், தமிழ்ப்பள்ளியில் நீங்கள் எனக்குப் பாடம் எடுத்திருந்தால் நான் இப்போது எங்கேயோ இருந்திருப்பேன்.

15 ஜூலை

கோலின் பெருக்கலைக் கையால் போடத் தொடங்கியிருக்கிறேன். பட்டர்வொர்த்தில் இருந்து வேலைக்குப் போகும் ஃபெர்ரியில். 761838257287-ஐ மேலே எழுதி 193707721-ஐக் கீழே எழுதினேன். கீழ் எண்ணில் ஒரு பூஜ்யம் இருப்பதால் எட்டு வரிசை. அதில் மூன்று வரிசை 7-ஆம் வாய்பாடு. ஒரு முறை போட்டால் போதும், 5332867801009, மற்ற இரண்டுக்கும் தள்ளி எழுதிக்கொள்ளலாம். ஒரு தடவை அக்கரை சேர்வதற்குள் இரண்டு வரிசைதான் முடிகிறது. பழைய மஞ்சள் ஃபெர்ரியாக இருந்தால் நாலு ஓடியிருக்கும். பக்கத்தில் இருந்த சீன அங்கிள் எட்டிப் பார்த்து நாலு நம்பர் லாட்டரிக் கணக்கா என்று மலாயில் கேட்டார். 21 நம்பர் என்றேன். நகர்ந்து உட்கார்ந்தார்.

17 ஜூலை

கூட்டி முடித்தேன். சரிபார்ப்பதில்தான் சுவாரசியம்.

முதலில் ஒன்பதைத் தள்ளிப் பார்த்தேன். 193707721-இன் இலக்கக் கூட்டு 37, அதை 9-ஆல் வகுத்தால் மீதி 1. மற்றதற்கு 64, மீதி 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் 1. என் விடையின் இலக்கக் கூட்டு 109, மீதி 1. பொருந்திவிட்டது. கடையில் ஒரு தே தாரிக் (ஆற்றின பால் டீ) சொன்னேன்.

தே தாரிக் வருவதற்குள் 1001 கணக்கையும் போட்டேன். 193 | 707 | 721: 721 − 707 + 193 = 207. மற்றதற்கு அன்றைக்கே பார்த்தோம், 107. 207 × 107 = 22149. அதையும் வெட்டினால் 149 − 22 = 127. ஆக விடையிலும் 127 வர வேண்டும். எனக்கு வந்தது 498.

என் அப்பா பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கெழுதினவர். பேரேடு டேலி ஆகாவிட்டால் அவர் முதலில் செய்வது, வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்பது. மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 54-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 720-ஐ 270 என்று எழுதினால் 450. நானும் அதையே செய்தேன். 127-க்கும் 498-க்கும் வித்தியாசம் 371, அது 9-ஆல் வகுபடவில்லை. ஆனால் இங்கே 1001-ஐக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாமே. 1001 − 371 = 630. 630-ஐ 9-ஆல் வகுத்தால் 70. அப்பா சொன்ன பேய் இதுதான். கடைசித் துண்டைப் பார்த்தேன். 927 என்று எழுத வேண்டியதை 297 என்று எழுதியிருக்கிறேன். இலக்கம் இடம் மாறினால் கூட்டு மாறாது, அதனால் ஒன்பது கணக்கு அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

திருத்திய பிறகு: 927 − 412 + 676 − 589 + 952 − 573 + 147 = 1128. வெட்டினால் 127. கோல் ஜெயித்தார். தே தாரிக் ஆறிப்போயிருந்தது.

18 ஜூலை

கிள்ளானில் இருந்து ஒருவர்: "127 என்பது 2⁷ − 1. தற்செயலா?" இல்லை. 2⁶⁰-ஐ 1001-ஆல் வகுத்தால் மீதி 1. 67-இல் 60 போனால் 7 மிச்சம். கேட்டதற்கு நன்றி ஐயா, நான் கவனிக்கவே இல்லை.

இன்னொன்றும் அவரே எழுதியிருக்கிறார். 2⁶⁷ − 1-இன் காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பது விதி (67-இன் இரு மடங்கு). 193707721-இல் ஒன்றைக் குறைத்து 134-ஆல் வகுத்தேன், 1445580, மீதியில்லை. அப்படியென்றால் கோல் எல்லா எண்ணையும் வகுத்துப் பார்க்கவில்லை, 134-இல் ஒன்றைத்தான் பார்த்தால் போதும். அப்படியும் மூன்று வருஷம். என் ஐசிக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. அது எந்த விதிக்கும் கட்டுப்பட்டுப் பிறக்கவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமையில் இருந்து மடத்தனமாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். பகா எண் பட்டியலை ஆயிரம் ஆயிரமாக இறக்கி, ஒட்டி, வகுத்து, பார்த்து. 20,000 வரை வந்திருந்தேன். இன்று காலை ஒட்டிக்கொண்டிருக்கும்போது கை தவறி பக்கத்தின் அடிக்கே போய்விட்டேன். கடைசி வரிசை எண் கண்ணில் பட்டது: 1,048,576. இந்த எண்ணை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்! 2-ஐ இருபது முறை பெருக்கினால் வருவது. பழைய எக்செலில் 65,536, அது பதினாறு முறை.

12 இலக்க எண் எதுவானாலும் வர்க்கமூலம் ஒரு மில்லியனைத் தாண்டாது. எக்செலில் ஒரு மில்லியனுக்கு மேல் வரிசை இருக்கிறது. ஒரே பத்தியில் மொத்த சோதனையும் அடங்கிவிடும், பகா எண் பட்டியலே வேண்டாம்! முதல் பத்தியில் வரிசை எண். இரண்டாம் பத்தியில் என் ஐசியை வரிசை எண்ணால் வகுத்து, முழு எண் பகுதியை மட்டும் எடுத்து, மறுபடி அதே வரிசை எண்ணால் பெருக்கி, ஐசியே திரும்ப வருகிறதா என்று ஒரு கேள்வி. கடைசி வரை இழுத்துவிட்டேன். மடிக்கணினி விசிறி விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் போட்டது. திரை வெளிறிப் போனது. வீட்டுக்காரம்மா அறைக்கு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

வடிகட்டிப் பார்த்தால் இரண்டே வரிசைகள் நின்றன. முதலாவது 1, அது எல்லாருக்கும் உண்டு. மற்றது ஆறு இலக்கத்தில் ஒன்று. வர்க்கமூலத்துக்கு ரொம்ப தூரமில்லை. பட்டியல் ஒட்டிக்கொண்டே போயிருந்தால் தீபாவளி வந்திருக்கும்.

21 ஜூலை

எல்லாரும் அந்த ஆறு இலக்கத்தைக் கேட்கிறீர்கள். "பாதி தானே மாமா, ஒன்றைச் சொன்னால் என்ன" என்று பிறை தம்பிகூட.

சொல்ல மாட்டேன், காரணம் இருக்கிறது. என் வயதைச் சொல்லிவிட்டேன், பினாங்கில் பிறந்தவன் என்பதும் தெரியும். பிறந்த தேதியை யாராவது வாழ்த்துச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அப்படியென்றால் ஐசியில் உங்களுக்குத் தெரியாதது கடைசி நாலு இலக்கம்தான், பத்தாயிரம் வாய்ப்பு. ஆறு இலக்க எண்ணின் மடங்குகள் லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில்கூட வராது, அதைவிட இடைவெளி அதிகம். பத்தாயிரத்துக்குள் ஒரே ஒரு மடங்குதான் விழ முடியும். விழுந்தது என் ஐசி. ஒரு காரணியைக் கொடுத்தால் முழு கார்டையும் கொடுத்த மாதிரி.

இணையத்தில் வங்கி விவகாரம் எல்லாம் இந்தச் சங்கதியை நம்பித்தான் ரொம்ப காலமாக ஓடுகிறது என்று அக்கா மகன் சொல்கிறான். இரண்டு பெரிய பகா எண்ணைப் பெருக்கி விடையை ஊருக்கே காட்டுவார்கள், காரணியைச் சொல்ல மாட்டார்கள். 617 இலக்கத்தில் ஓர் எண்ணைச் சவாலாகவே விட்டார்கள், இன்னும் யாரும் உடைக்கவில்லை. அதற்கு எக்செலில் வரிசை போதாது.

27 ஜூலை, ஞாயிறு

இழை செத்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்காரம்மா முதலில் இருந்து படித்துவிட்டாள்.

"இரட்டைப்படைன்னா ஆட்டம் முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. அதுல வேற ஒண்ணுமே கிடையாதா?"

தேடினேன். கோல்ட்பாக் என்பவர் 1742-இல் கணிதமேதை ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இருந்து கிளம்பிய கேள்வி: 2-ஐ விடப் பெரிய இரட்டைப்படை எண் ஒவ்வொன்றும் இரண்டு பகா எண்களின் கூடுதலா? இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் கணினியில் 4-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட எண் வரை சோதித்துவிட்டார்கள், ஒன்றும் தப்பவில்லை. 12 இலக்கம் அதில் தூசு. ஆகவே மலேசியாவில் ஒவ்வொரு பெண்ணின் ஐசி எண்ணும் இரண்டு பகா எண்களின் கூடுதல், இதில் சந்தேகமே இல்லை.

சொன்னேன். "அப்ப நான் ஒருத்தி, உங்களை மாதிரி ரெண்டு பேருக்குச் சமம்" என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "உங்களை மாதிரிகூட இல்ல. நீங்கதான் பகா எண்ணே இல்லையே."

3 ஆகஸ்ட், ஞாயிறு

கடைசியாக ஒன்று. அவள் எண்ணை 2-ஆல் வகுத்து மீதியிருப்பதைச் சோதிக்கச் சொன்னாள். பழைய கோப்பில் எண்ணை மட்டும் மாற்றினேன். விசிறி மறுபடி கத்தியது. வடிகட்டினால் 1 மட்டும் நின்றது. நம்பாமல் அக்கா மகனுக்கு அனுப்பினேன். அவனும் அதையே சொன்னான்.

அவள் ஐசியில் பாதி ஒரு பகா எண். முழுசாக 12 இலக்கம். என்னிடம் இருக்கும் பெரிய காரணி அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது.

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன்: 2 பெருக்கல் ஒரு பெரிய பகா எண், அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை.

"பெரிசு நான். அந்த 2 யாரு?" என்றாள்.